பார்த்தால் போதாது, கேட்கவும் வேண்டும்



மக்களவைக் கேள்வி நேரத்தை ஆர்.டி.எம். 2008-இல் நேரடியாகக் காட்டத் தொடங்கியது. அப்போது அரை மணி நேரந்தான். இப்போது கைப்பேசியிலேயே முழுக் கூட்டத்தையும் பார்க்கலாம். நல்ல காரியம். ஆனால், கேள்வி நேரம் காலை பத்து மணிக்கு. அந்நேரம் நம்ம ஆள் எங்கே இருப்பான்? பால்மரத்தடியில், இல்லாவிட்டால் செம்பனைக் காட்டில்!

"அங்க பேசறதுல நமக்கென்னங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. 2024 அக்டோபர் 18-இல் பிரதமர் அன்வார் வரவு செலவுத் திட்டத்தை வாசித்தார். குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆகும் என்றது அந்த உரையில்தான். 2025 பிப்ரவரி 1 முதல் அமலுக்கு வந்தது. ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருந்த முதலாளிகளுக்கு மட்டும் ஆகஸ்டு 1. டன் கணக்கில் குலை வெட்டுகிறவருக்கும் இதே சட்டந்தான். "அது பேக்டரிக்காரனுக்கு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆகவே, ராத்திரி நாடகம் பார்க்கும் நேரத்தில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். அங்கே பேசுவது புத்தக மலாய். படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அர்த்தம் கேளுங்கள். தொகையையும் தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் தனியாளாய்க் கிராணியிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். சீட்டைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இன்னொன்று. ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வந்த உறுப்பினர் அங்கே தோட்டத்தைப் பற்றி வாய் திறக்கிறாரா என்று பாருங்கள். திறக்காவிட்டால், அடுத்த தடவை வரும்போது அவரை உட்கார வைத்து நாம் கேட்போம்.