கலர் சக்கரம் சுத்தலாம், வாங்க!

சிம்போசியத்துக்கு இன்னும் பத்தே நாள். 'போஸ்டர் உன் பொறுப்பு மச்சி'ன்னு மொத்த டிபார்ட்மென்ட்டும் உங்க தலையில கட்டிடுச்சு. ராத்திரி முழுக்க கண் முழிச்சு, நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து போட்டு முடிச்சாச்சு. மானிட்டரில் ஜம்முனு இருக்கு. கலர் பிரின்ட்டுக்கு பட்ஜெட் இல்லாததால் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் நூறு காப்பி. கையில வாங்கிப் பார்த்தா... எல்லாமே இருட்டு! தேதி எங்கே, இடம் எங்கேன்னு டார்ச் அடிச்சுத்தான் தேடணும்.

மெஷினைத் திட்டாதீங்க. தப்பு, நாம கலர் எடுத்த விதத்தில்.

ஒரு தடவை உங்க கையாலேயே ஒரு கலர் சக்கரம் செஞ்சு பாருங்க. இலவசமா கிடைக்கிற 'கிம்ப்' சாஃப்ட்வேரே போதும். 600க்கு 600 பிக்ஸலில் புது ஃபைல் திறங்க. எலிப்ஸ் செலக்ட் டூலால் இழுக்க ஆரம்பிச்ச பிறகு ஷிஃப்ட்டை அழுத்தினா அழகான வட்டம் வரும். அடுத்து கிரேடியன்ட் டூல். அதில் 'ஃபுல் சாச்சுரேஷன் ஸ்பெக்ட்ரம்' கிரேடியன்ட்டையும், ஷேப்பில் 'கோனிக்கல் அசிமெட்ரிக்'கையும் எடுத்துக்கோங்க. வட்டத்தின் மையத்தில் இருந்து ஓரம் வரை இழுத்து, என்டர் தட்டுங்க. சக்கரம் ரெடி!

இதில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு டிகிரி உண்டு. சிவப்பு 0, மஞ்சள் 60, பச்சை 120, சியான் 180, நீலம் 240, மெஜந்தா 300. எந்தக் கலரோடும் 180-ஐக் கூட்டினா அதோட எதிர் கலர் கிடைக்கும். 360-ஐத் தாண்டினா, 360-ஐக் கழிச்சிடுங்க. 'சிவப்புக்கு எதிர் பச்சைதானே, டிராயிங் கிளாஸில் அப்படித்தானே சொன்னாங்க?'ன்னு கேட்பீங்க. அது பெயின்ட் கலக்குற கணக்கு. மானிட்டர் கலக்குறது ஒளியை. அதனால இங்கே எதிர், சியான்.

இப்போதான் முக்கியமான வேலை. கலர்ஸ் மெனுவில் 'டீசாச்சுரேட்' போய் 'லூமா'வைத் தேர்ந்தெடுங்க. மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளையாயிடும். நீலம் ஏறக்குறைய கறுப்பு. சிவப்பும் அடர் சாம்பல்தான். போஸ்டர் ஏன் இருட்டாச்சுன்னு புரியுதா? நம்ம கண்ணுக்கு சிவப்பும் நீலமும் வேற வேற. ஆனா வெளிச்சக் கணக்கில் ரெண்டுமே இருட்டு கோஷ்டி!

அதே போஸ்டரில் எழுத்தை மட்டும் மஞ்சளாக்கிப் பாருங்க. நீலத்துக்கு எதிர் கலரும் அதுதான், நீலத்தைவிட பளிச்சுன்னு இருக்கிறதும் அதுதான். நூறு காப்பி போட்டாலும் எழுத்து மறையாது.

சக்கரம் ஜோடியைக் காட்டும். அந்த ஜோடியில் எழுதினா படிக்க முடியுமான்னு சாம்பல்தான் சொல்லும். கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சாம்பலாக்கிப் பார்த்துட்டு, கன்ட்ரோல் இசட் அடிச்சிடுங்க. நூறு காப்பி காசு மிச்சம். அதில் மொத்த டீமுக்கும் டீ சொல்லிடலாம்!