எந்தத் துப்பாக்கி? அதற்கு முன், எத்தனை கெஜம்?

அமெரிக்காவில் குடியேறிய நம் குடும்பத்து இளைஞர் சிலர், அங்குள்ள நண்பர்களோடு இளவேனிற் காலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்குச் செல்கின்றனர். விடுமுறையில் ஊர் வரும்போது அவர்கள் நம்மிடம் கேட்பது, சுட்டு வீழ்த்திய பறவையை உண்ணலாமா என்பதே. தமக்குள் அவர்கள் ஓயாமல் பேசுவதோ வேறொன்று: யாருடைய பம்ப் ஷாட்கன் சிறந்தது? இவ்விரு கேள்விகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். நம் பார்வையில் இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் உண்டு. அதன் பெயர் தூரம். வேட்டைக்காரர் பேச்சில் மிகக் குறைவாக மதிக்கப்படுவதும் அதுவே.

முதலில் அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுவோம். பம்ப் ஷாட்கன் என்பது, குழலுக்கு அடியிலுள்ள முன்பிடியைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளும்போது, சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறிப் புதுத் தோட்டா உள்ளேறும் அமைப்புடையது. வாயுவின் விசையால் தானே இயங்கும் துப்பாக்கிகளைவிட விலை குறைவு. மழையிலும் சேற்றிலும் எளிதில் பழுதாவதில்லை. 1912இல் வெளிவந்த வின்செஸ்டர் 12 மாதிரியைப் பாட்டனார் வழி வந்த சொத்தாகப் போற்றுவோர் இன்றும் உண்டு. ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 ஆகிய இரண்டும் ஒவ்வொன்றும் ஒரு கோடிக்கு மேல் செய்யப்பட்டவை. வாக்குவாதம் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையேதான். ரெமிங்டன்காரர் தம் துப்பாக்கியின் உடல் எஃகால் ஆனது என்பார். மாஸ்பெர்க்காரர் தம்முடையது அலுமினியக் கலவையாதலால் தோளுக்குச் சுமை குறைவு என்பார். மாஸ்பெர்க்கில் பாதுகாப்புப் பொத்தான் மேற்புறத்தில், கட்டைவிரல் படும் இடத்தில் இருப்பதால் இடக்கையருக்கும் வசதி. ரெமிங்டனில் அது விசைக்குப் பின்னால் குறுக்காக உள்ளது. இதாகா 37 மாதிரியில் கூடு கீழ்வழியாக விழுவதால், அதையும் இடக்கையர் விரும்புவர். பெனெல்லி நோவா வெளிப்புறம் முழுதும் பாலிமரால் வார்க்கப்பட்டது. பார்வைக்கு அழகில்லை எனினும் மழைக்கு அஞ்சாதது.

இந்த ஒப்பீடுகளில் பொய்யில்லை. ஒருவர் கைக்குப் பொருந்துவது மற்றவர்க்குப் பொருந்தாது. ஆதலால் பேசித் தெரிந்துகொள்வது நன்றே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வான்கோழி வேட்டையில் இரண்டாம் குண்டுக்கு வேலை மிகக் குறைவு. முன்பிடி எவ்வளவு வழுக்கலாக ஓடுகிறது என்று பெருமைப்படுவோர், அந்த ஓட்டத்தைப் பருவம் முழுவதிலும் ஒரு முறை பயன்படுத்தினால் அதிகம்.

ஏனெனில் அந்த வேட்டை ஓடித் துரத்துவதன்று. வைகறைக்கு முன்பே காட்டுக்குள் சென்று, மர நிறத்து உடையணிந்து, அடிமரத்தில் முதுகைச் சாய்த்து அசையாது அமர்ந்திருக்க வேண்டும். மரப்பெட்டியாலோ கற்பலகையாலோ வாயில் வைக்கும் சவ்வாலோ பெட்டையின் குரலை எழுப்ப, தொலைவிலிருந்து சேவல் முழங்கி விடையளிக்கும். பிறகு அடி அடியாக அது நெருங்கி வரும். மணிக்கணக்கில் ஆகலாம், பாதி வழியில் திரும்பிவிடவும் செய்யும். கூரிய கண் படைத்த பறவை அது. முழங்கால் சிறிது நகர்ந்தாலும் கண்டுகொள்ளும். சுடுவது உடலையன்று, தலையையும் கழுத்தையும். உடலில் தடித்த சிறகும் மார்புத் தசையும் இருப்பதால் சிறு ரவைகள் அங்கே தங்கி, பறவை சாகாமல் தப்பியோடும். சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக நிறம் காட்டும். ஆதலால் அந்நிறங்களில் கைக்குட்டை, காலுறை கூட அணிந்து காட்டுக்குள் செல்லலாகாது என்று அங்குள்ள பயிற்சி வகுப்புகளில் முதற்பாடமாகக் கற்பிக்கின்றனர். புதருக்குப் பின்னால் அசைந்த நிறத்தைப் பறவையென எண்ணி மனிதரைச் சுட்டுவிடக் கூடாதல்லவா!

இனித் தூரத்துக்கு வருவோம். ஷாட்கன் தோட்டாவில் ஒரு குண்டு இல்லை. நூற்றுக்கணக்கான ரவைகள் உள்ளன. குழலை விட்டுப் புறப்பட்டதும் அவை விரிந்துகொண்டே செல்லும். குழல் முனையில் திருகப்படும் சோக் எனும் குறுக்கம் அந்த விரிவைக் கட்டுப்படுத்தும். 40 கெஜத்தில், 10 அங்குல வட்டத்துக்குள் நூறு ரவைகளேனும் விழ வேண்டும் என்பது வேட்டைக்காரரிடையே நெடுநாள் வழங்கிவரும் அளவுகோல். ஈய ரவைக்கு 40 கெஜமே எல்லை என்று பழையவர்கள் சொல்வர். அது சோம்பலால் வந்த எல்லையன்று. அதற்கு அப்பால் ரவைகளுக்கிடையே இடைவெளி பெருகும். சிறிய உருண்டையாதலால் வேகமும் விரைவில் தளரும்.

இந்த எல்லையை உடைக்கவே சந்தை முனைந்து நிற்கிறது. 1988இல் மாஸ்பெர்க் நிறுவனம் 835 மாதிரியின் வழியே மூன்றரை அங்குலத் தோட்டாவைக் கொண்டுவந்தது. அதைச் சுட்டால் தோளில் விழும் உதை, அடுத்த முறை விசையைத் தொடும்போதே கண்ணை மூடச் செய்யும். அண்மைக் காலத்தில் டங்ஸ்டன் ரவை வந்திருக்கிறது. ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. ஒரு தோட்டாவே பத்து டாலரைத் தாண்டும். இதனால் விளைந்த ஒரு நன்மையை நாம் மறுக்கவில்லை: 20 கேஜ் போன்ற சிறிய துப்பாக்கியே போதுமென்றாகி, சிறுவருக்கும் மெலிந்த தோளினருக்கும் உதை குறைந்திருக்கிறது. ஆனால் அதே ரவையைப் பெரிய துப்பாக்கியில் இட்டு, அறுபது கெஜத்தில் வீழ்த்தினேன், எழுபதில் வீழ்த்தினேன் என்று பேசும் பேச்சு நமக்கு உடன்பாடில்லை. வீழ்ந்ததைச் சொல்கின்றனர், கழுத்தில் இரண்டு ரவையோடு புதருக்குள் போய் மறைந்ததை எவர் சொல்கிறார்?

மார்க்கம் இவ்விடத்தில் நேரடியாகப் பேசுகிறது. எச்செயலிலும் செம்மையை அல்லாஹ் விதித்துள்ளான் என்றும், அறுக்கும்போது கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள். உயிருள்ளதை நிறுத்தி வைத்துக் குறி பழகுவதை நபியவர்கள் சபித்த செய்தியை இப்னு உமர் (ரலி) வழியாக அறிகிறோம். என் துப்பாக்கி எத்தனை கெஜம் எட்டும் என்பதைப் பறவையின் மீது சோதிப்பவர், இந்த இரண்டாவது செய்திக்கு மிக அருகில் நிற்கிறார் என்றே நாம் கருதுகிறோம்.

உண்ணலாமா என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை தொடங்குகிறது. அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் இறகு இல்லாத அம்பால் வேட்டையாடுவது பற்றிக் கேட்டபோது, அதன் முனை துளைத்ததை உண்ணலாம். அகலவாட்டில் மோதி இறந்ததோ அடிபட்டுச் செத்ததன் கணக்கில் சேரும் என நபியவர்கள் பிரித்துக் காட்டினார்கள். துப்பாக்கி ரவை இவ்விரண்டில் எதைச் சாரும்? பிற்கால அறிஞர்கள் இதில் கருத்து வேறுபட்டனர். வேகத்தின் தாக்கத்தால் கொல்வதாகக் கருதி ஆகாது என்றோர் உளர். ஹனஃபி நூல்களில் இக்கருத்து வலுவாக உள்ளது. துளைத்துச் செல்வதால் ஆகும் என்றவர்களுள் யமன் நாட்டு இமாம் ஷவ்கானீ ஒருவர். எவரும் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடக்கட்டும். ஆனால் உயிர் நிலைத்திருக்கும்போதே எட்டிப் பிடித்து, அல்லாஹ்வின் பெயர் கூறி அறுத்துவிட்டால், இந்தக் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லாமற் போகும்.

அதற்குத் துப்பாக்கியின் பெயர் உதவாது; தூரம் உதவும். இருபத்தைந்து கெஜத்தில் விழுந்த பறவையைச் சில நொடிகளில் சென்றடையலாம். அறுபது கெஜத்தில், புதரும் ஓடையும் கடந்து போய்ச் சேர்வதற்குள் அது செத்திருக்கும், அல்லது இருந்த இடத்தில் இராது. அடிபட்ட வேட்டை நீரில் விழுந்து கிடந்தால், அம்பால் இறந்ததா நீரில் மூழ்கி இறந்ததா என்று அறிய இயலாமையால் உண்ணலாகாது என்பதும் அதீ (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட சட்டமே. (ஓடுமுன் துப்பாக்கியின் பாதுகாப்புப் பொத்தானை அழுத்திவிட வேண்டும். கத்தியை நினைத்துத் துப்பாக்கியை மறப்பவர் தம் தோழரை இழக்கக் கூடும்.)

வேட்டையே கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. ஒரு காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் காட்டு வான்கோழி அற்றே போயிருந்தது. அளவற்ற வேட்டையும் காடழிப்பும் அதைச் செய்தன. 1937ஆம் ஆண்டின் பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காடு வரி காட்டுயிர் மீட்புக்குச் செல்கிறது. வலைவீசிப் பிடித்த பறவைகளைக் காலியான காடுகளில் விட்டு, அதை மீண்டும் இலட்சக்கணக்கில் பெருக்கினர். ஒருவருக்கு இத்தனை பறவை, இன்ன நாட்கள் என்று ஒவ்வொரு மாநிலமும் வரம்பு கட்டியிருக்கிறது. அங்கே இது சட்டத்துக்கு உட்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையிலுள்ள நம் நாட்டுக்கு இதை எவரும் முன்மாதிரியாகக் கொண்டுவர வேண்டா.

வாங்கத் துணிந்த இளைஞருக்கு நாம் சொல்வது இதுவே. தோளில் சரியாக அமரும் ஒரு பழைய 870 அல்லது 500 போதும். பருவம் தொடங்குமுன், தலையளவு வட்டம் வரைந்த பெரிய தாளை 20, 30, 40 கெஜத்தில் நிறுத்தி, வேட்டைக்கு எடுத்துச் செல்லவிருக்கும் அதே தோட்டாவால் ஒவ்வொரு முறையும் புதுத் தாளில் சுட்டு, வட்டத்துள் விழுந்த ரவைகளை எண்ணுக. எந்தத் தூரத்தில் எண்ணிக்கை நூற்றுக்குக் கீழே இறங்குகிறதோ, அதற்குப் பத்துக் கெஜம் முன்பாகவே உமது எல்லையை வைத்துக்கொள்க. காட்டில் அமர்ந்ததும் அந்தத் தொலைவிலுள்ள ஒரு மரத்தையோ பாறையையோ குறித்து வைத்துக்கொள்க. சேவல் அதைக் கடந்து உள்ளே வரும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.