பிரஷ் கேட்டா இல்லன்னு சொல்லுங்க

கல்ச்சுரல்ஸ் அன்னிக்கு ஹாஸ்டல் ரூமை எட்டிப் பாருங்க. ஒரு பவுடர் பிரஷ், எட்டு முகம். கடைசி ஆள் கைக்கு வரும்போது ஏழு பேரோட வியர்வையும் எண்ணெயும் அதுல இருக்கும். "தர மாட்டேன்"னு சொல்ற பொண்ணுக்கு "சீன் போடுறா"ன்னு பேரு. என்னைக் கேட்டா அவ செய்றதுதான் சரி. கண் மை பிரஷ்ஷைக் கொடுக்கவே கூடாது, மெட்ராஸ் ஐ பரவ அது ஒண்ணு போதும். பசங்களே, சிரிக்காதீங்க. நாடகத்துல உங்களுக்கு மீசை வரைஞ்ச பிரஷ் யாரோடது?

2019-ல் இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், மேக்கப் ஸ்பான்ஜ்களில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. அந்தக் குளிர் நாட்டிலேயே அப்படி. புதுக்கோட்டை வெயிலில் வழியிற வியர்வைக்கு நாம எவ்வளவு கழுவணும்? 7 முதல் 10 நாளைக்கு ஒருமுறை என்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம்.

தனி கிளீனர் எல்லாம் தேவையில்லை, ஷாம்பு பாக்கெட் போதும். சோப்பு வேண்டாம். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப்ல இடிடிஏ ஊத்தித் தண்ணியோட கடினத்தன்மை பார்த்தோமே, அதே கதைதான். உப்புத் தண்ணியிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து திரிஞ்சு, பிரஷ் முடியில பிசுபிசுன்னு ஒட்டிக்கும். ஷாம்பு அப்படித் திரியாது.

முடியை மட்டும் நனைங்க. மெட்டல் வளையத்துக்குள்ள தண்ணி இறங்கினா பசை விட்டு முடி கொட்டும். அதனாலதான் கழுவினதும் டம்ளர்ல நிமிர்த்தி வைக்கக் கூடாது. மேசை ஓரத்துல, முடி வெளிய நீட்டிட்டிருக்க, படுக்க வச்சுக் காயவிடுங்க.

டான்ஸ் டீமுக்கு ஒரே செட்தான் இருக்குன்னா, அடுத்த தடவை பட்ஜெட் கேட்கும்போது ஆளுக்கொரு ஸ்பான்ஜையும் சேர்த்து எழுதுங்க.