பிள்ளை கேட்கும்போது என்ன சொல்வோம்?



கரமனையில் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்த ஓர் இரவில், கல்லூரியில் படிக்கும் வாலிபன் ஒருவன், "ஐயா, எங்கள் பாட்டி ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை? கேட்டால் அப்பா பேச்சை மாற்றுகிறார்" என்றான். அருகில் நின்ற தகப்பனார் தலைகுனிந்தார்.

நமக்குத் தெற்கே உள்ள வெங்கானூரை நினைத்தேன். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல் ஒழிக்கப்பட்டது. 1863இல் அங்கே அய்யன்காளி பிறந்தார். தாம் எழுத்தறியாதவராயினும், தம் ஜனத்தின் பிள்ளைகளுக்காகப் பள்ளி அமைத்தார், அது எரிக்கப்பட்டது. பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார், அதுவும் தீக்கிரையானது. ஆயினும் அவர் ஓயவில்லை. 1937இல் வெங்கானூருக்கு வந்த காந்தியடிகளிடம், தம் ஜனத்தில் பத்துப் பட்டதாரிகளைக் காண விரும்புவதாகச் சொன்னார்.

அமெரிக்காவிலும் இப்படியொருவர் இருந்தார். மேரி மெக்லியோட் பெத்யூன் அம்மையார் 1875இல், அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்தார். பள்ளியில் கற்றதை வீட்டாருக்கும் கற்பித்தார். சிகாகோவில் மூடி வேதாகமக் கல்லூரியில் பயின்று, ஆப்பிரிக்காவுக்கு மிஷனெரியாகச் செல்ல விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்பதால் மறுக்கப்பட்டார். 1904இல் ஒன்றரை டாலரோடும் ஐந்து சிறுமிகளோடும் அவர் தொடங்கிய பள்ளி பின்னர் கல்லூரியாயிற்று. அதற்குத் தலைவராயிருந்தபோதே, 1936 முதல் கறுப்பின மக்களின் சரித்திரத்தை ஆராயும் சங்கத்தையும் தலைமையேற்று நடத்தினார். பெற்றோரின் அடிமைத்தனத்தை அவர் மறைக்கவில்லை. தம் மாணவிகள் தங்கள் முன்னோரை அறிந்து நிமிர்ந்து நிற்கவேண்டுமென்று உழைத்தார்.

உபாகமம் 6ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். தாங்கள் கட்டாத பட்டணங்களில் குடியேறப்போகிற இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த கட்டளை என்ன? பிள்ளை கேட்கும்போது, எகிப்தில் அடிமைகளாயிருந்ததிலிருந்தே சொல்லத் தொடங்கவேண்டும். பகையை வளர்க்க அல்ல, மீட்டவரை மறவாதிருக்க.

நகரத்திற்கு வந்து நன்றாயிருக்கிறோம். ஆனால் பழையதை மறந்த வீட்டிலே, வேலைக்கு வரும் சகோதரிக்குத் தனி டம்ளர் வைக்கப்படுகிறது. விசுவாசிகளின் கலியாணப் பேச்சிலும் ஜாதி விசாரிக்கப்படுகிறது. நம் முன்னோர் பட்ட நிந்தையை நாமே பிறருக்குக் கொடுக்கலாமா?

அந்தத் தகப்பனார் அன்றிரவே வாய் திறந்தார். தம் தாயார் பிறர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இலையேந்தி உண்டதையும், கூலிப் பணத்தில் தமக்குப் புத்தகம் வாங்கியதையும் கண்ணீரோடு சொன்னார். மகன் தன் வேதாகமத்தின் முதல் தாளில் பாட்டியின் பெயரை எழுதிக்கொண்டான்.

இம்மாதம் ஒருநாள் குடும்ப ஜெபத்தில் உங்கள் தாத்தா பாட்டியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதுவும் சாட்சியே. கர்த்தர் உங்கள் சந்ததியை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.