மூக்கில் ரத்தமா? குளத்து நீரும் காரணமாகலாம்!

மூக்கில் அடிக்கடி ரத்தம். ஒரு பக்கம் அடைப்பு. "சூடுதான், சரியாப் போயிடும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு அது வெறும் சூடு அல்ல! ரைனோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மூக்குக்குள் குடியேறிச் சதை வளர்க்கிறது. முற்றினால் அந்தச் சதை உள்நாக்குக்குப் பின்னால் தொண்டையில் தொங்கும். சோறு விழுங்குவதே சிரமமாகிவிடும்.

1900-ல் அர்ஜென்டினாவில் சீபர் என்பவர் இதை விவரித்தார். காளான் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் உறவு இது என்பது 1990-களில்தான் தெரிந்தது. மற்ற நாடுகளில் அபூர்வம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் அதிகம். ராமநாதபுரம், சிவகங்கை வட்டார டாக்டர்களுக்குப் பழகிய நோய்.

மாடு குளிக்கும் குளத்தில் மனிதரும் முழுகுவதால் வருகிறது என்பதே டாக்டர்களின் கருத்து. ஆளுக்கு ஆள் தொற்றாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சிவந்த சதை, மேலே வெள்ளைப் புள்ளிகள், தொட்டால் ரத்தம். துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வித்துகள் நிறைந்த பைகள் தெரியும்.

மாத்திரை போதாது

ஆபரேஷன்தான் வழி. சதையை வெட்டி, வேரை மின்சூட்டால் பொசுக்க வேண்டும். வேர் மிஞ்சினால் மறுபடி முளைக்கும். அதைத் தடுக்க டாப்சோன் மாத்திரையும் மாதக்கணக்கில் கொடுப்பதுண்டு.

ஆனால் குணமாகி ஊர் திரும்பியவர் என்ன செய்வார்? வேறு தண்ணீர் இல்லையென்றால் அதே குளத்தில்தான் இறங்குவார். சதையை வெட்ட ஆஸ்பத்திரியில் கத்தி இருக்கிறது. குளிக்க ஊரில் குழாய் இருக்கிறதா?