யானையின் வழி காக்கப்படட்டும்

கோவை மாநகரின் மேற்கெல்லை ஆண்டுக்காண்டு மலையடிவாரத்தை நெருங்கி வருகிறது. தடாகம், மருதமலை, போளுவாம்பட்டி, மதுக்கரை என மலையைத் தொட்டுக் கிடக்கும் ஊர்களில் மனைப்பிரிவுகளும் கல்வி வளாகங்களும் விடுதிகளும் எழுந்துள்ளன. சிறுமுகைக் காடுகளுக்கும் வாளையாற்றுக்கும் இடையே யானைக் கூட்டங்கள் பருவந்தோறும் கடக்கும் நிலப்பரப்பு இதுவே.

வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனமும் நூறு லிட்டருக்கு மேல் நீரும் வேண்டும். ஒரே காடு ஆண்டு முழுவதும் அதைத் தராது. ஆகவே மழையையும் பசுமையையும் தொடர்ந்து கூட்டம் வலசை போகிறது. மூத்த பெண்யானை முன்செல்ல, கன்றுகள் வழியைக் கற்றுக்கொள்கின்றன. கோவைக்கு மேற்கே மலைச்சரிவு செங்குத்தானது. யானை எளிதில் நடக்கத்தக்க சமநிலம் அடிவாரத்தில்தான் உண்டு. அந்நிலத்தில் பெரும்பகுதி பட்டா நிலம். காப்புக்காட்டின் எல்லைக்கல்லோடு சட்டத்தின் காவல் நின்றுவிட, அதற்கப்பாலுள்ள வலசைப் பாதை விலைபோகிறது. கேட்டின் வேர் இங்கேதான் உள்ளது.

விளைவுகளை நாடறியும். 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் இரயிலில் அடிபட்டு மாண்டன. 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண்யானையின் வயிற்றில் நெகிழிக் கழிவும், பிறவாத கன்றும் இருந்தன. மறுபுறம், வாழையும் சோளமும் ஓரிரவில் அழியக் கண்டு கலங்கும் உழவரும், இருளில் யானையை எதிர்கொண்டு உயிரிழப்போரும் உள்ளனர். இருதரப்புத் துயருக்கும் காரணம் ஒன்றே.

மதுக்கரைத் தண்டவாளத்தருகே 2024 முதல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் யானைகளைக் கண்டறிந்து எச்சரிக்கின்றன. இது பாராட்டுக்குரிய பணி. ஆயினும் அகழியும் மின்வேலியும் கும்கியும் கேமராவும் வழியிழந்த யானையைத் தடுக்கவோ விரட்டவோ உதவுமேயன்றி, வழியை மீட்டுத் தாரா.

ஆசிய யானை அழிவை எதிர்நோக்கும் இனமெனப் பன்னாட்டளவில் பட்டியலிடப்பட்டுள்ளது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. 2010-இல் தேசியப் பாரம்பரிய விலங்காக அறிவிக்கப்பட்டது. நீலகிரியின் சீகூர் வழித்தடத்தைக் காக்கத் தமிழக அரசு பிறப்பித்த அறிவிக்கை செல்லும் என 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் நிலம் என்பதனாலேயே அரசின் கை கட்டப்படுவதில்லை என்பது அதனால் தெளிவாயிற்று. 2024-இல் வனத்துறை வெளியிட்ட வரைவறிக்கை, தமிழகத்தில் 42 யானை வழித்தடங்களைக் குறித்தது. வரைவு ஏட்டளவில் நின்றால் எந்த யானைக்கும் பயனில்லை.

கோவை மலையடிவாரத்து வழித்தடங்களைப் புல எண் வாரியாக வரையறுத்துச் சட்டப்படி அறிவிக்க வேண்டும். அவ்விவரம் ஊராட்சிதோறும் தமிழில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். வனத்துறையின் இசைவின்றி அங்கே ஒரு மனைப்பிரிவுக்கும் ஒப்புதல் கூடாது. காட்டோரக் குப்பை மேடுகள் அகற்றப்பட வேண்டும். நிலம் இழக்கும் சிறு உழவருக்குச் சந்தை மதிப்புக்குக் குறையாத இழப்பீடு உரிய காலத்தில் கிடைக்க வேண்டும். காட்டைக் காக்கும் சுமையை ஏழையின் தோளில் மட்டும் ஏற்றுவது அறமாகாது.

நகரம் விரிய வேறு திசைகள் உண்டு. யானைக்கு இவ்வடிவாரத்தை விட்டால் வேறு வழியில்லை. எஞ்சிய நிலமும் மனைகளாகுமுன் அரசு அறிவிக்கையை வெளியிடட்டும்.