நாம் வாங்கிக் கொடுக்காத புத்தகங்கள்

தீபாவளிக்கு மூன்று நான்கு வாரம் இருக்கும்போதே ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கமிருந்து குடும்பங்கள் கிள்ளானுக்குக் கிளம்பிவிடும். காப்பார் சாலை நெரிசலைத் தாண்டி, தெங்கு கிளானா சாலையில் காரை நிறுத்த இடம் தேடிப் பிடித்து, கடை கடையாக ஏறி இறங்குவோம். அப்பாவுக்கு வேட்டி, அம்மாவுக்குச் சேலை, பிள்ளைகளுக்கு ஜிப்பாவும் பாவாடை சட்டையும், அத்தை வீட்டுக்கு முறுக்கு டின், பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கும் சீனருக்கும் பலகாரத் தட்டு, வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு அங்பாவ் உறை. பட்டியல் நீளமானது. அதில் புத்தகம் இல்லை. யாரும் அதை அடித்துவிடவில்லை. நாம்தான் எழுதவே இல்லை.

நாம் என்று யாரைச் சொல்கிறேன்? கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பிறந்தோ, அங்கே பிறந்தவர்களுக்குப் பிள்ளையாகவோ வளர்ந்து, இன்று தாமான் வீடுகளில் இருப்பவர்களை. ஆசிரியர்கள், தொழிற்சாலை ஊழியர்கள், லாரி ஓட்டுநர்கள், கோயில் நிர்வாகத்தினர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் எல்லாரும் இதில் அடக்கம். எழுதுகிற நானும் அடக்கம். நமக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. காட்டை அழித்து, கித்தா மரம் நட்டு, பால் வெட்டி இந்த நாட்டை வளர்த்தது நம் பாட்டன் பூட்டன். பாடநூலில் அவர்களுக்கு ஒரு பக்கம்கூட ஒழுங்காக இல்லை என்போம். நியாயமான குறைதான். ஆனால் அவர்களைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் எத்தனை நம் வீட்டில் இருக்கின்றன? இந்தக் கேள்விக்கு முன்னால் நாம் தலைகுனியத்தான் வேண்டும்.

நம் மண்ணைப் பற்றிய புத்தகம் ஒன்று உலகப் புகழ் பெற்று ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் தோட்ட முதலாளி 1905-இல் மலாயாவுக்கு வந்து, கோல சிலாங்கூர் பக்கத்தில் தோட்டம் போட்டார். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் அவர் நட்ட செம்பனைதான் இந்த நாட்டில் வணிக முறையில் பயிரான முதல் செம்பனை. அவர் எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930-இல் பிரான்சின் மிகப் பெரிய இலக்கியப் பரிசான கொன்கூர் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஆங்கிலத்திலும் வந்தது. தமிழ்த் தொழிலாளர்களும் அதில் வருகிறார்கள், துரையின் கண் பார்த்த அளவில். பாரிஸில் அந்தப் புத்தகத்தைப் பரிசாக வாங்கிக் கொடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். தென்னமரத்தைச் சுற்றி வாழும் நாமோ அப்படி ஒரு புத்தகம் இருப்பதைக்கூடப் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

துரை எழுதினான், நம்மவர் எழுதவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நம்மவர் எழுதினார்கள். க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' என்ற நாவல் 1917-இலேயே வந்துவிட்டது. தென்னமரத்தில் செம்பனை ஊன்றிய அதே ஆண்டு. பின்னால் வந்தவர்கள் நம் வாழ்க்கையையே எழுதினார்கள். ஜப்பானியர் காலத்தில் 415 கிலோமீட்டர் நீள சயாம் பர்மா ரயில் பாதைக்குத் தோட்டம் தோட்டமாகத் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. அந்தச் சாவுகளை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலாகவும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்ற நாவலாகவும் எழுதிவைத்தார்கள். சீ. முத்துசாமி தோட்டத்து மனிதர்களை 'மண்புழுக்கள்' நாவலில் எழுதினார். தமிழ்நாட்டு வாசகர்கள் அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்து 2017-இல் விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். சை. பீர்முகம்மது மலேசியச் சிறுகதைகளைத் தேடித் திரட்டி 'வேரும் வாழ்வும்' என்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார். இவற்றில் ஒன்றையாவது நாம் பணம் கொடுத்து வாங்கி, இன்னொருவர் கையில் கொடுத்து, படித்துப் பார் என்று சொல்லியிருக்கிறோமா?

புத்தகத்துக்கு நாம் செலவே செய்யவில்லை என்பதும் உண்மையில்லை. நூல் வெளியீட்டுக்கு அழைத்தால் போகிறோம். மண்டப வாசலில் கையெழுத்துப் போட்டு, உறைக்குள் ஐம்பதோ நூறோ வைத்து, எழுத்தாளருக்கு ஆதரவு தருகிறோம். பிரமுகர் முதல் நூல் பெறுகிறார். மாலை, பொன்னாடை, படம், சாப்பாடு. நமக்கும் ஒரு பிரதி கிடைக்கிறது. அது வீட்டுக்கு வந்து அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது, பல நேரம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல். எழுத்தாளரின் தோளிலிருந்து அச்சுச் செலவின் சுமை மட்டும் இறங்குகிறது. எழுத்து யார் மனசிலும் ஏறவில்லை. மிச்சப் பிரதிகள் அவர் வீட்டு அறையில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. எழுதுகிறவருக்கு மொய் வைத்தோம், படிக்கவில்லை. நம் அலட்சியத்தில் இதுதான் கொடியது. வெளியிலிருந்து பார்த்தால் இது ஆதரவு போலவே தெரிகிறது.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. லயத்து வாசலில் எழுத்துத் தெரிந்த ஒருவர் 'தமிழ் நேசன்' அல்லது 'தமிழ் முரசு' பத்திரிகையை உரக்க வாசிக்க, பால் வெட்டிக் களைத்து வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் பத்திரிகைக்காரர், 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றியவர். தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது. கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிப் போகும் உரிமை இருந்தது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும் என்பதும் இருந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது. நாதனை நாடு கடத்தினார்கள். அந்தக் கோரிக்கைகளில் கல்வியும் ஒன்று என்பதை நாம் மறந்துவிட்டோம்.

1950-களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' வழியாகத் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் சேர்க்க வேண்டும், ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்பதுதான் வேண்டுகோள். சாதாரணக் கூலித் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். தாங்கள் காலெடுத்து வைக்க வாய்ப்பே இல்லாத ஒரு பல்கலைக்கழகத்துக்கு, தங்களால் படிக்க முடியாத புத்தகங்களை, முகம் தெரியாத யாரோ ஒரு பிள்ளைக்காக வாங்கிக் கொடுத்தார்கள். புத்தகப் பரிசு என்றால் அதுதான். அந்தப் பிள்ளைகள் நாம்தான். பட்டம் வாங்கினோம், வேலைக்குப் போனோம், கார் வாங்கினோம். அந்த ஒரு வெள்ளியை அடுத்த தலைமுறைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல், நூற்றாண்டுக்கு ஐந்தே ஆண்டு இருக்கும்போது, நின்றுபோனது. அன்றைக்கு எல்லாரும் வருந்தினோம். வருந்தியவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்தைய நாள் அதை விலை கொடுத்து வாங்கியிருந்தோம்?

நாம் சொல்லும் சமாதானங்களையும் நேராகப் பார்த்துவிடுவோம். புத்தகம் விலை அதிகம் என்கிறோம். ஒரு தமிழ் நாவல் இங்கே பெரும்பாலும் 25, 30 வெள்ளி. தீபாவளிக்கு வாங்கும் ஒன்றிரண்டு டின் பலகாரத்தின் விலை அது. வருமான வரி கட்டுகிறவர்களுக்கு வாழ்க்கைமுறைச் செலவுக் கழிவு 2,500 வெள்ளி வரை இருக்கிறது. புத்தகமும் அதில் சேரும். அதை நாம் கைத்தொலைபேசிக்கும் இணையக் கட்டணத்துக்கும் தீர்த்துவிடுகிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்கிறோம். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு வாசிக்க வரும். பயிற்சிப் புத்தகம் தவிர வேறு தமிழ்ப் புத்தகத்தை நாம் அதன் கையில் கொடுக்கவில்லை, அதனால் அதற்கு வாசிக்க ஆசை வரவில்லை. பிள்ளை வாங்கும் மதிப்பெண்ணைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் தமிழை விட்டுவிட்டால் குற்றம் அதன்மேல் என்கிறோம். நாம் படித்து அது பார்த்ததில்லை என்பதைச் சொல்வதில்லை.

பக்கத்தில் கடை இல்லை என்கிறோம். உண்மை, கடைகள் குறைவு. ஏன் குறைந்தன? தமிழ்ப் புத்தகக் கடை என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்தும் சிறு கடை. பின்னால் பெரிய நிறுவனம் கிடையாது. பள்ளிப் பயிற்சி நூலும் நாட்காட்டியும் பஞ்சாங்கமும் விற்றுத்தான் கதைப் புத்தகத் தட்டைக் காப்பாற்றுகிறார்கள். அந்தத் தட்டில் ஒரு நாவல் ஆண்டு முழுக்க விற்காமல் இருந்தால் அடுத்த நாவலைக் கடைக்காரர் எந்தத் துணிச்சலில் எடுப்பார்? ஜனவரியில் பயிற்சி நூலுக்கு மட்டும் கடைக்குள் நுழைந்து, பின்தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தவர்கள் நாம். அந்தத் தட்டு சுருங்கியதில் நம் பங்கு பெரிது.

நாம் சிறு கூட்டம் என்ற சமாதானமும் நிற்காது. ஐஸ்லாந்து என்ற தீவில் மக்கள்தொகை 4 லட்சத்தைச் சுற்றித்தான். மலேசியாவில் தமிழர்கள் அதைவிடப் பல மடங்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே இறக்குமதிப் பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தது. காகிதத்துக்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. அதனால் கிறிஸ்துமஸ் பரிசாகப் புத்தகம் கொடுக்கத் தொடங்கினார்கள். 1944 முதல் அது வழக்கமாகவே நிலைத்துவிட்டது. பண்டிகைக்கு முந்தைய மாதங்களில் புதுப் புத்தகங்கள் வந்து குவிகின்றன. பதிப்பாளர், கடைக்காரர், எழுத்தாளர் எல்லாரும் அதில் வாழ்கிறார்கள். உலகில் வேறெங்கும் பரவலாகப் பேசப்படாத ஒரு சிறு மொழி அப்படித்தான் செழிப்பாக இருக்கிறது. அவர்கள் நம்மைவிடப் பெரிய அறிவாளிகள் என்பதில்லை. பண்டிகைச் செலவில் புத்தகத்துக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள், அவ்வளவுதான்.

வாங்குவதானால் பார்த்து வாங்க வேண்டும். கனமாகவும் அழகாகவும் இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்தால் அதுவும் அலமாரி மேல்தட்டுக்குத்தான் போகும். கடைக்காரரிடம் யாருக்கு, எத்தனை வயது, எதில் ஆசை என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள். இருபது முப்பது வருடம் புத்தகத்தோடு வாழ்ந்தவர் சரியானதை எடுத்துத் தருவார். தோட்டத்தில் வளர்ந்த அப்பாவுக்கு 'மண்புழுக்கள்' கொடுக்கலாம். அவருக்குத் தெரிந்த ஆட்கள் அதில் இருப்பார்கள். சயாமுக்குப் போனவர்களின் கதை கேட்டு வளர்ந்த தாத்தாவுக்கு 'நினைவுச் சின்னம்'. கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும், ஒரே புத்தகம் இருவருக்கும் பரிசாகும். கல்லூரி போகும் பெண்ணுக்கு ரெ. கார்த்திகேசுவின் நாவல் பிடிக்கும். பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கே. பாலமுருகன் எழுதிய சிறுவர் மர்மக் கதைகள் இருக்கின்றன. சின்னக் குழந்தைக்குச் சென்னை தூலிகா வெளியிடும் இருமொழிப் படக்கதைகள் ஏற்றவை. தமிழ் வாசிப்பு விட்டுப்போன மருமகனுக்கு, கெடா மாநிலத்தில் பிறந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' கொடுங்கள். 1981-இல் வந்த அந்த நாவலும் நம்மவர் கதைதான். கொடுப்பதற்கு முன் நாமும் படித்திருந்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் அடுத்த முறை சந்திக்கையில், அந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்க முடியும். அந்தக் கேள்வி இல்லாத புத்தகப் பரிசு பாதிப் பரிசுதான்.

கோயில் திருவிழாவில் பரிசளிப்பு நடத்துகிறோம். கோப்பைக்குப் பதில் புத்தகம் கொடுக்கலாம். பள்ளி ஆண்டு விழாவில் பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அந்தப் பணத்தில் பள்ளி நூலகத்துக்கு மலேசியத் தமிழ் நாவல்கள் வாங்கலாம். தமிழ்நாட்டில் மு. க. ஸ்டாலின் 2017-இல் தமக்குச் சால்வை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று கட்சிக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். வந்த புத்தகங்கள் நூலகங்களுக்குப் போயின. இதற்குச் சட்டமோ மானியமோ தேவைப்படவில்லை. நாம் யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் வரலாற்றை மற்றவர்கள் மதிக்கவில்லை என்று பேச நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையோடு சேர்ந்த கடமையை இத்தனை காலம் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். கிள்ளானுக்குத் துணி எடுக்கப் போகும் அன்றைக்கே புத்தகக் கடைக்கும் போங்கள். வீட்டுக்கு ஒரு புத்தகம் வாங்குங்கள், இன்னொரு வீட்டுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அங்பாவோடு ஒரு கதைப் புத்தகமும் சேரட்டும். ஜெராமில் உள்ள ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் ஆண்டுக்கு இதை ஒரு முறை செய்தாலே, எழுதுகிறவர் எழுதுவார், கடைக்காரர் கடையைத் திறந்து வைத்திருப்பார், பிள்ளை படிக்கும். இந்தத் தீபாவளிக்கே தொடங்குங்கள்.